"மூளை அழற்சிக் குளிசை": ஒரு போத்தல் முடிந்த பிறகு எழுதுகிறேன்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நேரம் இல்லாதவர்கள் இந்தப் பந்தியோடு போகலாம். மறதி வருத்தம் உள்ள உங்கள் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ "மூளை அழற்சியைக் குறைக்கும்" (அழற்சி என்றால் நோயையோ காயத்தையோ எதிர்த்து உடம்பு கொதித்தெழுவது) என்று எழுதிய கெப்சூல் போத்தலை யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். ஒரு போத்தல் பத்தாயிரம் ரூபாவுக்குக் கிட்டப் போகிறது, எங்களுக்குப் பலன் ஒன்றும் கிடைக்கவில்லை, சிலருக்கு ஈரலுக்கு ஆபத்தும் உண்டு. ஐந்தில் ஒரு நட்சத்திரம் போடுகிறேன், அந்த ஒன்று சாமான் சொன்ன நாளில் மட்டக்களப்புக் கல்லடிக்கு வந்து சேர்ந்ததற்கு.

போத்தலின் பெயரையோ விற்றவரின் பெயரையோ இங்கே போடவில்லை. ஏறக்குறைய ஒரே சரக்குத்தான் வேறு வேறு லேபலில் பேஸ்புக் வழியாகவும் வட்ஸ்அப் வழியாகவும் ஓடுகிறது, ஒரு பெயரைச் சொன்னால் மற்றதெல்லாம் நல்லது என்று ஆகிவிடும். என்ன எழுதியிருக்கிறது, உள்ளே என்ன இருக்கிறது என்று சொன்னால் நீங்களே பிடித்துக்கொள்வீர்கள்.

வெள்ளைப் பிளாஸ்டிக் போத்தல். முன்பக்கத்தில் இரண்டு மூளைப் படம், ஒன்று சிவப்பாக எரிகிறது, மற்றது நீலமாகக் குளிர்ந்து கிடக்கிறது. கீழே "மைக்ரோகிளியா சப்போர்ட்" என்று ஆங்கிலத்தில். விற்பவர் அனுப்பிய தமிழ் விளம்பரத்திலோ "மூளைச் சூட்டைத் தணித்து இழந்த ஞாபகத்தைத் திருப்பித் தரும்" என்று இருந்தது. பின்பக்கத்து எழுத்துக் கண்ணுக்குத் தெரியாத சின்னது, போனில் படம் எடுத்துப் பெருப்பித்துத்தான் வாசித்தேன்: மஞ்சளில் இருந்து எடுத்த குர்குமின் 500 மில்லிகிராம், மிளகில் இருந்து எடுத்த பைப்பரின் 5 மில்லிகிராம், அப்புறம் "தனிக் கலவை" என்று ஒரு வரி, அதற்குள் ஜின்கோ இலைச் சாறும் இன்னும் நாலைந்து பெயர்களும், எது எவ்வளவு என்ற கணக்கு இல்லை. எங்கே செய்தது என்று அச்சிட்ட இடத்தின் மேல் வேறொரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. மருந்தாகப் பதிந்ததற்கான இலக்கம் எங்கேயும் இல்லை.

அம்மாவுக்கு 74 வயது. அல்சைமர் என்று டொக்டர் சொல்லி ஞாபகத்துக்குக் கொடுக்கும் டொனெபெசில் குளிசை போகிறது, கூடவே பிரஷருக்கும் சீனிக்கும். சுவிஸில் இருக்கும் அண்ணா விளம்பரத்தைப் பார்த்துவிட்டு அங்கிருந்தே இரண்டு போத்தலுக்குக் காசு கட்டிவிட்டார். அண்ணாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அம்மா போனில் அவரிடம் "நீங்க ஆரு தம்பி?" என்று கேட்ட அன்று அவர் எப்படி உடைந்துபோனார் என்பது எனக்குத் தெரியும், அந்த நிலையில் இருக்கிற பிள்ளைகளைப் பார்த்துத்தான் இந்த விளம்பரங்களே எழுதப்படுகின்றன. திறக்க முதல் போத்தலைக் கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். அம்மா அஸ்பிரின், குளோபிடோகிரல், வோபரின் மாதிரி இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து ஒன்றும் எடுப்பதில்லை என்பதை டொக்டர் முதலில் உறுதி செய்தார். ஈரலுக்கு ஒரு இரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். "குடுக்கிறதெண்டா குடுத்துப் பாருங்க, ஆனா பெரிசா ஒண்டையும் எதிர்பார்க்காதீங்க, இடையில இன்னொருக்கா ஈரலைப் பாப்பம்" என்றார்.

கொடுத்தேன், ஒரு கொப்பியில் குறித்தும் வைத்தேன். ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டாரா, பேரப்பிள்ளைகளின் பெயர் வாயில் வந்ததா, சேலையைத் தானாக உடுத்தாரா, இரவில் எழும்பி நடந்தாரா, இவ்வளவுதான். முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது முந்தியது, எது பிந்தியது என்று திகதியைப் பார்த்துத்தான் சொல்லலாம். நல்ல நாளும் இருந்தது கெட்ட நாளும் இருந்தது, போத்தல் வருவதற்கு முன்னும் அப்படித்தான். மாற்றம் என்று வந்தது வயிற்றில்: வாயு, இளக்கம், சோற்றில் மனமில்லாமை. கெப்சூலும் பெரிது. "மறுகா மறுகா என்ன புள்ள இந்த மஞ்சள் குளிசை, தொண்டைக்குள்ளயே நிக்குது" என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வார். நம் ஊர் வெக்கைக்குக் கெப்சூல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, பிரித்தெடுக்கும்போது தோல் கிழிந்து விரலெல்லாம் மஞ்சள் சாயம். ஒரு வீட்டில் ஒருவருக்குக் கொடுத்துப் பார்த்ததை வைத்து ஒரு சாமானை நல்லது கெட்டது என்று சொல்லிவிட முடியாது என்பது எனக்கும் தெரியும், அதனால்தான் மற்றவர்கள் முறையாகச் சோதித்துப் பார்த்தது என்ன என்று தேடி வாசித்தேன்.

லேபலில் உள்ளது முழுப் பொய் என்றால் எழுத இவ்வளவு இருக்காது. பாதி உண்மை. மூளை அழற்சி என்று ஒன்று நிச்சயம் இருக்கிறது, அதில் மைக்ரோகிளியாவுக்குப் பெரிய பங்கும் இருக்கிறது. இவை மூளைக்குள்ளேயே குடியிருக்கும் நோய் எதிர்ப்புக் கலங்கள், மூளையில் உள்ள கலங்களில் ஏறத்தாழப் பத்தில் ஒன்று. இவற்றைத் தனி வகை என்று 1919இல் அடையாளம் காட்டியவர் ஸ்பெயின் நாட்டு ரியோ ஓர்த்தேகா. கரு வளரத் தொடங்கும் காலத்திலேயே மஞ்சட்கருப் பையில் உண்டாகி மூளைக்குள் புகுந்து, பிறகு ஆயுள் முழுக்க அங்கேயே பெருகிக்கொள்கின்றன. சும்மா இருக்கும் நேரம் அவற்றுக்குக் கிடையாது, மெல்லிய கைகளை நீட்டி மடக்கிச் சுற்றிவரத் தடவிக்கொண்டே இருக்கும். செத்த கலத்தை விழுங்குவது, கிருமியை எதிர்ப்பது, வளரும் பிள்ளையின் மூளையில் வேண்டாத நரம்பிணைப்புகளைக் கத்தரிப்பது எல்லாம் அவற்றின் பொறுப்பு.

அல்சைமரில் அமிலோயிட் என்ற புரதம் படியத் தொடங்கும்போது மைக்ரோகிளியா அதைச் சூழ்ந்து நின்று விழுங்கப் பார்க்கின்றன, விழுங்க முடியாததை வளைத்து அடைத்து வைக்கின்றன. அதுவரை நன்மைதான். ஆனால் அந்தப் படிவு வருடக்கணக்காகத் தீராமல் கிடந்தால் அதே கலங்கள் அழற்சியைத் தூண்டும் பொருட்களை நிறுத்தாமல் விட்டுக்கொண்டே இருக்கின்றன, நன்றாக வேலை செய்யும் நரம்பிணைப்புகளையும் தின்னத் தொடங்குகின்றன. 2016இல் எலிகளில் இதைக் காட்டினார்கள்: அமிலோயிட் கட்டியாகப் படிய முன்பே, கொம்ப்ளிமென்ட் என்ற புரதங்கள் குறி ஒட்டிய இணைப்புகளை மைக்ரோகிளியா விழுங்கிவிடுகின்றன, குறி ஒட்டுவதைத் தடுத்தால் இணைப்புகள் தப்பிக்கொள்கின்றன. பார்க்கின்சன் நோயிலும் இதே கதை உண்டு. கனடாவில் மெக்கீர் குழுவினர் 1988இல், அந்த நோயால் இறந்தவர்களின் மூளையில் உடல் அசைவுக்கு வேண்டிய டோபமினைச் சுரக்கும் கலங்கள் அழிந்துபோகும் பகுதியிலேயே கிளர்ந்தெழுந்த மைக்ரோகிளியா குவிந்திருந்ததைக் கண்டார்கள்.

சரி, அப்படியென்றால் அழற்சியை அமர்த்தினால் போதும்தானே? அண்ணாவும் இதைத்தான் கேட்டார், விற்பவரும் இதை வைத்துத்தான் விற்கிறார். 2013இல் வந்த ஒரு கண்டுபிடிப்பு இந்தக் கணக்கைக் குழப்பிவிட்டது. மைக்ரோகிளியாவின் மேல் ட்ரெம்2 என்று ஒரு வாங்கி, அதாவது வெளியில் இருந்து வரும் சைகையைப் பிடிக்கும் புரதம், இருக்கிறது, படிவையும் செத்த கலத்தையும் உணர்ந்து வேலையில் இறங்க அது வேண்டும். அதன் மரபணுவில் ஒரு குறிப்பிட்ட சிறு மாற்றம் உள்ளவர்களுக்கு அல்சைமர் வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு கூடுகிறது என்று இரண்டு ஆய்வுக் குழுக்கள் அந்த ஆண்டு ஒரே நேரத்தில் காட்டின. அந்த மாற்றத்தால் மைக்ரோகிளியா கெதியாக வேலை செய்வதில்லை, மந்தமாகிவிடுகின்றன. அந்த மரபணுவின் இரண்டு பிரதிகளும் செயலற்றுப் போனவர்களுக்கு இள வயதிலேயே எலும்புக்குள் பொக்கையான குழிகளும் மூளையில் மறதியும் வருகின்ற அரிய நோய் ஒன்றும் உண்டு, நாசு ஹக்கோலா என்பார்கள். ஆக, இந்தக் கலங்கள் அளவுக்கு மிஞ்சினாலும் கேடு, அடங்கிப்போனாலும் கேடு.

மட்டக்களப்பில் பிறந்தவர்களுக்கு இது விளங்கக் கஷ்டமான விஷயம் இல்லை. மாரியில் முகத்துவாரத்தில் ஆற்றுவாய் வெட்ட, அதாவது வாவித் தண்ணீரைக் கடலுக்கு விட மணலை வெட்ட முதல் எவ்வளவு கூட்டம், எவ்வளவு வாக்குவாதம்! பிந்தினால் வயல் தாழும், முந்தினால் வாவித் தண்ணீர் வடிந்து மீன்பிடிக்காரர் தலையில் கை வைப்பார்கள், நாளும் அளவும் பார்த்துத்தான் மண்வெட்டி வைக்க வேண்டும். மைக்ரோகிளியாவை எந்தக் கட்டத்தில் தூண்ட வேண்டும், எந்தக் கட்டத்தில் அமர்த்த வேண்டும் என்பது உலகத்துப் பெரிய ஆய்வுகூடங்களிலேயே இன்னும் முடிவாகாத கேள்வி. அதை ஒரு போத்தல் தானே பார்த்துக்கொள்ளும் என்று எழுதி விற்பது எனக்குப் பொறுக்கவில்லை.

அமர்த்திப் பார்த்தும் இருக்கிறார்கள். மூட்டு நோவுக்கு நெப்ரொக்சன் மாதிரிக் குளிசைகளை நெடுங்காலம் எடுத்தவர்களுக்கு அல்சைமர் குறைவாக வருகிறது என்று சில கணக்கெடுப்புகளில் தெரிந்ததும், அமெரிக்காவில் 70 வயதுக்கு மேற்பட்ட 2,500க்கும் அதிகமானவர்களை வைத்து நெப்ரொக்சனையும் செலிகொக்சிபையும் சோதித்தார்கள். இருதயத்துக்குப் பாதுகாப்பா என்ற பயத்தில் 2004 கடைசியில் மருந்தை நிறுத்தினார்கள், கிடைத்த தரவில் மறதியைத் தடுத்ததற்கு அடையாளம் இல்லை. மினோசைக்கிளின் கதை இன்னும் கவலையானது. அது எலிகளில் மைக்ரோகிளியாவை நன்றாக அடக்கிய அன்ரிபயோடிக். ஏஎல்எஸ் என்ற, தசைகளை இயக்கும் நரம்புகள் சாகிற நோயில் 412 பேருக்கு அதைச் சோதித்து 2007இல் முடிவு வந்தபோது, மருந்து எடுத்தவர்களே எடுக்காதவர்களைவிட வேகமாகத் தளர்ந்திருந்தார்கள். எதிர்ப்பக்கமும் பார்த்தாயிற்று: ட்ரெம்2வைத் தூண்டி மைக்ரோகிளியாவை உசுப்பும் ஊசி மருந்து ஒன்று அல்சைமரின் ஆரம்ப கட்டத்தில் உள்ளவர்களுக்குப் பலன் தரவில்லை என்று 2024 நவம்பரில் அறிவித்தார்கள்.

இதற்குள் ஒன்றைக் கவனியுங்கள். 2023இல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்ற லெக்கானிமாப் ஊசி அமிலோயிட்டில் போய் ஒட்டிக்கொள்கிறது, ஒட்டியதை விழுங்கி அகற்றும் வேலையில் பெரும் பங்கு மைக்ரோகிளியாவுக்கே. 18 மாதச் சோதனையில் நோய் முற்றும் வேகத்தை 27 வீதம் குறைத்தது. மூளை வீக்கம், இரத்தக் கசிவு என்று பக்க விளைவும் உண்டு, ஆரம்ப கட்டத்தாருக்கு மட்டும்தான், அம்மா அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார். ஆனாலும் ஓரளவு பலன் காட்டிய மருந்தே இந்தக் கலங்கள் விழிப்பாக இருப்பதை நம்பித்தான் இருக்கிறது. போத்தலில் நீல மூளைப் படம் போட்டவர்கள் இதைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்வதில்லை.

குர்குமினுக்கு வருகிறேன். எலிகளில் அமிலோயிட்டும் அழற்சியும் குறைந்தது உண்மை, 2001 முதலே ஆய்வுகள் உண்டு. மனிதருக்கு வந்தால் குடலில் அது சரியாக உறிஞ்சப்படுவதே இல்லை. அல்சைமர் உள்ளவர்களுக்கு 24 வாரம் கொடுத்துப் பார்த்து 2012இல் வெளியான சோதனையில் மருந்தில்லாத வெறும் குளிசை எடுத்தவர்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஜின்கோவை 75 வயதுக்கு மேற்பட்ட 3,069 பேரிடம் சோதித்தார்கள், 2008இல் முடிவு, மறதி நோயைத் தடுக்கவில்லை. பைப்பரினைச் சேர்ப்பது உறிஞ்சலைக் கூட்டத்தான், 1998இல் வந்த ஒரு சிறிய ஆய்வில் இரத்தத்தில் குர்குமின் இருபது மடங்கு கூடியது. விற்பவர்கள் இதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். ஆனால் அதே பைப்பரின், குடலிலும் ஈரலிலும் மற்ற மருந்துகளை உடைக்கும் நொதியங்களையும் தடுக்கிறது, அதனால் வேறு குளிசைகளின் அளவும் உடம்பில் கூடலாம். மஞ்சள் குளிசைகளோடு தொடர்புடைய ஈரல் அழற்சி 2019இல் இத்தாலியில் கொத்தாகப் பதிவானது, அமெரிக்க மருத்துவர்கள் 2022இல் இதே எச்சரிக்கையை எழுதினார்கள், மிளகுச் சத்துச் சேர்த்த வகைகள் அதில் அதிகம். கறிக்குப் போடும் மஞ்சளைப் பற்றி யாரும் பயப்பட வேண்டாம். அதில் குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு அளவில்தான். வீட்டு மீன் குழம்பையும் 500 மில்லிகிராம் கெப்சூலையும் ஒன்றாக நினைக்கக் கூடாது என்பதே விஷயம்.

இந்த விமர்சனத்தை நான் எழுதக் காரணமான சம்பவத்துக்கு இப்போதுதான் வருகிறேன். முதல் போத்தல் முடிந்து, இரண்டாவதை நாங்கள் திறக்கவில்லை. ஒரு பின்னேரம் அம்மா திடீரென்று சுவரில் எறும்பு ஓடுகிறது என்று கையால் துடைக்கத் தொடங்கினார். என்னைத் தன் தங்கச்சி என்று நினைத்துக்கொண்டு, மண்டூர்த் திருவிழாவுக்கு வண்டில் வந்திட்டுதா என்று கேட்டார், கொஞ்ச நேரத்தில் கதவைத் திறந்து வெளியே போகப் பார்த்தார், பிடித்தால் கையைத் தட்டிவிட்டார். காலையில் தேத்தண்ணி குடித்துவிட்டு என்னோடு கதைத்துக்கொண்டிருந்த மனிசி. அந்தப் பதற்றத்தில் அண்ணா சுவிஸில் இருந்து விற்றவருக்குச் செய்தி போட, அவர் எனக்குக் குரல் பதிவு அனுப்பினார்: "நீங்க இடையில நிப்பாட்டினதாலதான் அக்கா, மூளைச் சூடு ஏறிட்டு. ரெண்டாவது போத்தலை உடைச்சு நாளைக்கு நாலு குடுங்க, மூணு நாளில அடங்கும்."

எங்கள் தெரு முனைப் பாமசியில் நிற்கும் தம்பி கேட்டது வேறு கேள்வி. "அக்கா, அம்மா ஒண்டுக்குப் போறது எப்பிடி? எரியுதெண்டு சொன்னாவா? எப்ப இருந்து இப்பிடி?" காய்ச்சல் இல்லை. ஆனால் அடிக்கடி போக எழும்பினார், மணமும் இருந்தது. "குளிசை ஒண்டும் குடுக்காதீங்க, இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்றார். ஓட்டோ பிடித்துப் போனோம். சிறுநீரில் கிருமித் தொற்று, அன்ரிபயோடிக் தொடங்கினார்கள், சில நாளில் அம்மா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

மூளை அழற்சி பற்றிய அறிவு நம்மைப் போன்ற வீட்டுக்காரருக்கு உண்மையில் உதவும் இடம் இதுதான். ஏற்கெனவே நோயால் உசாராகி நிற்கும் மைக்ரோகிளியாவுக்கு, உடம்பில் எங்கோ ஒரு மூலையில் வந்த தொற்றின் செய்தி போய்ச் சேர்ந்தாலே அவை அளவுக்கு மிஞ்சி எழும்புகின்றன. பிரிட்டனில் விஞ்ஞானி ஹியூ பெரியும் அவரோடு வேலை செய்தவர்களும் எலிகளில் இதைக் காட்டினார்கள். மனிதரிலும் அல்சைமர் உள்ளவர்களை ஆறு மாதம் தொடர்ந்து பார்த்த சவுத்தாம்டன் ஆய்வு 2009இல் வந்தது: தொற்று மாதிரி உடம்பில் திடீர் அழற்சி வந்தவர்களுக்கு ஞாபகம் குறையும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாக இருந்தது. மறதி நோய் மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் கூடும். மணித்தியாலத்தில் அல்லது ஓரிரு நாளில் ஆளே மாறிப்போனால் தொற்று, உப்புச் சத்துக் குறைவு, மலச்சிக்கல், புது மருந்து, விழுந்து தலையில் அடி என்று வேறு ஏதோ இருக்கிறது, வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமலும் தொற்று இருக்கும். அந்த நேரத்தில் வட்ஸ்அப்பில் ஆலோசனை கேட்டு நாலு கெப்சூல் கொடுத்துக் காத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைக்கவே நெஞ்சு பதறுகிறது.

ஏற்கெனவே இதை எடுத்துக்கொண்டிருப்பவர்கள் இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் என்றால், ஜின்கோ இரத்தக் கசிவைக் கூட்டலாம், டொக்டரிடம் போத்தலோடு போங்கள். கண் மஞ்சளாவது, சிறுநீர் தேத்தண்ணி நிறத்துக்கு வருவது, சாப்பாடு வெறுத்துச் சோர்வது, இதில் எது வந்தாலும் அன்றே நிறுத்தி ஈரலைப் பரிசோதியுங்கள். சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

அண்ணா இப்போது அந்தக் காசை வேறு விதமாக அனுப்புகிறார். முதலில் காதைப் பரிசோதித்தோம், அம்மா பாதிக் கேள்வியைத் திரும்பக் கேட்டது மறதியால் மட்டும் இல்லை, கேட்காததாலும்தான் என்று தெரிந்தது. காது கேட்கும் கருவி வாங்கியிருக்கிறோம், நோயை அது மாற்றாது, ஆனால் சத்தமாகக் கத்தாமல் கதைக்க முடிகிறது, அம்மாவும் பக்கத்து வீட்டு மாமியோடு குந்தியிருந்து கதைக்கிறார். 2024இல் லான்செட் என்ற மருத்துவ இதழின் ஆணைக்குழு உலகத்து மறதி நோயில் கிட்டத்தட்ட 45 வீதம் மாற்றக்கூடிய 14 காரணங்களோடு தொடர்புடையது என்று எழுதியது, காது, பார்வை, பிரஷர், சீனி, கொழுப்பு, புகை, தனிமை எல்லாம் அதில் வரும். அது அம்மாவைவிட எனக்கும் அண்ணாவுக்கும்தான் வேண்டிய பட்டியல், பிரஷரை நாங்கள் இருவரும் பார்க்கத் தொடங்கியிருக்கிறோம். மிச்சக் காசில் பின்னேரத்தில் அம்மாவைக் கடற்கரைக்குக் கூட்டிப்போக ஒரு பெண்பிள்ளைக்குச் சம்பளம் கொடுக்கிறோம்.

திறக்காத இரண்டாவது போத்தலை விற்றவர் திருப்பி எடுக்கவில்லை. பில்லும் தரவில்லை, கேட்டதற்கு "ஒன்லைன் சாமானுக்கு பில் இல்லை" என்றார், பிறகு என் இலக்கத்தைத் தடுத்துவிட்டார். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்து முறைப்பாடு சொல்லியிருக்கிறேன், லேபலின் படங்களும் அந்தக் குரல் பதிவும் என்னிடம் இருக்கின்றன. உங்களுக்கும் "நாலு குடுங்க" என்ற மாதிரி யாராவது அனுப்பியிருந்தால் அழிக்காமல் வைத்திருந்து நீங்களும் எடுத்துச் சொல்லுங்கள், ஒரு முறைப்பாட்டைவிடப் பத்து முறைப்பாட்டுக்குத்தான் ஆட்கள் எழும்பி வருவார்கள்.